தலைவெட்டியும் ஊறுகாய் ஜாடியும்

போர்னியோத் தீவின் தயாக் மக்களைப் பற்றி எங்கள் ராயபுரம் வாசகசாலையில் ஒரு சொற்பொழிவு நடந்தது. அன்று அங்கே சொந்தச் சரக்கு என்று சொல்ல எதுவும் இல்லை. நாற்காலிகள் வாடகை, மேஜை விரிப்பு இரவல், பேச்சு ஏதோ ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து எடுத்தது. மேடையில் உட்கார வைத்திருந்த தயாக் மனிதர் ஒருவர்தான் அசல். அவரையும் எங்கள் வீட்டிலிருந்துதான் இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

நான் பினாங்கில் பிறந்தவள். ஜப்பான் சண்டை வருவதற்கு முன்பே கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்துவிட்டேன். பினாங்குத் தெருவில் விளையாடிக் கற்ற மலாய் பாஷை இங்கே ஒரே ஒரு காரியத்துக்கு உதவியது. மாமியாரை அவருக்குப் புரியாமல் திட்டலாம். மாமியார் காலமான பிறகு அந்த உபயோகமும் போயிற்று. என் வீட்டுக்காரர் ஒரு கப்பல் ஏஜெண்ட் கம்பெனியில் குமாஸ்தா. நாங்கள் குடியிருந்தது ஒரு ஸ்டோர். நீளமான ஒரு நடை, அதன் ஒரு பக்கம் முழுக்க வரிசையாகக் குடித்தனங்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழாய், அந்தக் குழாயடியில் தினமும் ஒரு யுத்தம்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். போர்னியோவிலிருந்து மரம் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வந்தது. இறக்கும்போது ஒரு கட்டை உருண்டு, கப்பல் ஆள் ஒருவருக்குக் கால் முறிந்தது. கப்பல் காத்திருக்குமா? அது போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் பல வாரம் வைத்திருந்து, இனி நடப்பான் என்று அனுப்பிவிட்டார்கள். சிங்கப்பூர் போகும் அடுத்த கப்பலில் இடம் கிடைக்கும்வரை எங்கேயாவது தங்க வைக்க வேண்டும் என்று கம்பெனி என் வீட்டுக்காரர் தலையில் கட்டியது. எங்கள் ஸ்டோரின் கடைசி அறை காலியாக இருந்தது. வாடகையைக் கம்பெனி கொடுக்கும் என்று கேட்டதும் ஸ்டோர்க்காரருக்கு மனிதாபிமானம் பொங்கிவிட்டது.

ஸ்டோர்க்காரர் தெற்கத்திக்காரர். மிளகாய், புளி மொத்த வியாபாரம். சைவ உணவு, காலையும் மாலையும் நெற்றி நிறைய விபூதி. அதோடு வாசகசாலையின் தலைவர். மூடநம்பிக்கையை ஒழிப்பது பற்றி மாதம் ஒரு தரமாவது பேசுவார். பேசக் கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். வந்திருப்பது ஒரு தயாக் என்று தெரிந்ததும் புத்தகத்தைப் புரட்டினார். அன்று சாயங்காலமே செய்தி ஸ்டோர் முழுவதும் பரவிவிட்டது.

எதிர் அறைக்காரி என்னிடம் ஓடி வந்தாள். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவளுக்கு யாரிடமும் பயம் கிடையாது, ஆனால் வம்பு வேண்டும்.

"யக்கா, கடைசி ரூம்ல கீறானே, அவன் கயுத்துல பச்ச குத்திகினு கீறான் பாத்தியா? அவன் ஆளுங்க தலைய வெட்டி வூட்டுல தொங்க வுடுவாங்களாமே? ஸ்டோர்க்கார நைனா புக்குல பட்சிட்டாரு!"

அன்றிலிருந்து அவர் பெயர் தலைவெட்டி. பிள்ளைகள் கடைசி அறைப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். அந்தக் கொளுத்தும் கோடையில் ஸ்டோர்க்காரர் கழுத்தில் கம்பளி மஃப்ளர் சுற்றிக்கொண்டு படுத்தார். கோட்டுப் போட்ட கனவான்கள் ஊர் ஊராகக் குண்டு போட்டு எரித்த செய்தியைச் சில வருஷங்களுக்கு முன்னால் இதே மனிதர் காபி குடித்துக்கொண்டே எங்களுக்குப் படித்துக் காட்டியவர். அப்போது மஃப்ளர் பெட்டியில்தான் இருந்தது.

எனக்கு எரிச்சலாக வந்தது. நேரே கடைசி அறைக்குப் போய் மலாயில் கேட்டுவிட்டேன். மலாயைக் கேட்டதும் அந்த மனிதர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். குள்ளமான, கட்டுமஸ்தான ஆள். முப்பது வயதுகூட இருக்காது. தலை வெட்டுவதெல்லாம் தாத்தா காலத்தோடு சரி என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் சந்தேகத்தைக் கேட்டார். ரயிலுக்காகப் பெரிய பாலம் கட்டியிருக்கிறார்களே, பேசின் பிரிட்ஜ், அதற்கடியில் எத்தனை தலை புதைத்திருக்கிறார்கள்? பாலம் நிற்க வேண்டுமானால் தலை வேண்டும், அதற்காகப் பட்டணத்து ஆட்கள் இருட்டில் அலைவார்கள் என்று அவர்கள் ஊரில் பேச்சாம். அதனால்தான் பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாராம். இந்தப் பக்கம் மஃப்ளர், அந்தப் பக்கம் தாழ்ப்பாள். இரண்டு தரப்பும் தலையைப் பிடித்துக்கொண்டு தூங்கியதை நினைத்து நான் வெகுநேரம் சிரித்தேன்.

அவருடைய தேவை என்ன என்பதை அன்றைக்கே சொல்லிவிட்டார். அவர் மனைவிக்கு இது முதல் பிரசவம். பிள்ளை பிறக்கும்போது அப்பன் வீட்டில் இருந்தாக வேண்டும். அதற்குள் கப்பல் வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் ஸ்டோர் அவருக்குப் பிடித்துப் போயிற்று. அவர்கள் ஊரிலும் இப்படித்தானாம்: ஊர் முழுக்க ஒரே நீள வீடு, வரிசையாகக் கதவுகள், எல்லோருக்கும் பொதுவான நடை. காட்டுப் பன்றி கிடைத்தால் கதவுக்குக் கதவு பங்கு போகுமாம்.

"சண்டை வராதா?" என்று கேட்டேன், எங்கள் குழாயை நினைத்துக்கொண்டு.

"வரும். சாப்பிட்ட பிறகு வரும்" என்றார்.

இனி அவருடைய ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. யாராவது உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டால், ஒரு வாயாவது சாப்பிடாமல் அந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது. நேரமில்லையென்றால் அந்தச் சோற்றை விரலால் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டாவது போக வேண்டும். போகாவிட்டால் வழியில் பாம்பு கடிக்கும், முதலை இழுக்கும், மரம் விழும். இந்தக் கேட்டுக்குக் கெம்புனான் என்று பெயர். கால் முறிந்ததும் அதனால்தானாம். கப்பல் சமையல்காரன் காபி குடிக்கக் கூப்பிட்டான், மேஸ்திரி கத்தியதால் தொடாமல் இறங்கிப் போனார், கட்டை உருண்டது. கயிறு இற்றுப் போயிருந்தது என்று கப்பல்காரர்கள் சொன்னார்களாம். "கயிறு எத்தனையோ நாளாக இற்றுப் போய்த்தான் இருந்தது. காபியைத் தொடாதது அன்றைக்குத்தான்" என்றார்.

நம் ஊர் வழக்கம் என்ன? சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யார் தலை தெரிந்தாலும் "சாப்பிட வாங்க" என்போம். அவர்கள் "ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்பார்கள். அவர்கள் பட்டினியாக இருப்பார்கள், நம் பானை காலியாக இருக்கும், இரண்டு பேருக்கும் அது தெரியும். அப்படி ஒரு மரியாதை நம்முடையது. நிஜமாகவே ஒருவர் உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்று நாம் யோசித்து வைக்கவில்லை.

அவர் வந்துவிட்டார். வந்த முதல் வாரமே, ஸ்டோர்க்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இலையில் உட்கார்ந்திருந்தபோது, தடியை ஊன்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனார். பழக்க தோஷத்தில் ஸ்டோர்க்காரர் கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டி, "வாங்க, சாப்பிடலாம்" என்றார். மனிதர் உள்ளே போனார், குனிந்தார், இலையோரத்துச் சோற்றை ஒரு விரலால் தொட்டார், உதட்டில் வைத்தார், கும்பிட்டார், போய்விட்டார்.

நல்லவேளை, இலை மட்டும்தான் தூக்கி எறியப்பட்டது. ஸ்டோர்க்காரர் பாதிச் சோற்றில் எழுந்துபோய்த் தலை முழுகினார். அவர் மனைவி சமையலறை முழுவதையும் கழுவித் தள்ளினாள். அந்த அம்மாள் அதிகம் பேச மாட்டாள். கழுவுகிற சத்தத்திலேயே நமக்கு எல்லாம் புரிந்துவிடும்.

அன்று முதல் எங்கள் ஸ்டோரில் யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதைக்கூட நிறுத்திக்கொண்டார்கள், அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்துவிட்டால்? தலைமுறை தலைமுறையாக வந்த விருந்தோம்பலை ஒரு மனிதர் நம்பிவிட்டார் என்பதற்காக மூடி வைத்துவிட்டோம்.

எதிர் அறைக்காரி ஒருத்திதான் கதவைச் சாத்தவில்லை.

"இன்னாத்துக்குக்கா இந்த பேஜாரு? தொட்டா சோறு ஓடிப்பூடுமா? வா நைனா, குந்து, மீன் கொயம்பு கீது, துன்னுட்டுப் போ" என்று கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டாள். அவர் தினமும் அவளுக்குத் தண்ணீர்ப் பானையைத் தூக்கி வைத்தார். என்னை எங்கே பார்த்தாலும் "சூடா மக்கான்?" என்று கேட்பார். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். பினாங்கில் அதுதான் நமஸ்காரம் மாதிரி. ஆனால் அவர் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசிமேட்டுப் பக்கம் மீன் வருகிற நேரத்தில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே செம்பருந்துகள் வட்டமிடும். ஒரு நாள் துணி உலர்த்தப் போனேன். மாடியின் ஒரு மூலையில் ஸ்டோர்க்காரர் கருட தரிசனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு மூலையில் தயாக் மனிதர் தடியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் அதே பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய பெரிய தெய்வம் அந்த உருவத்தில்தான் வருமாம். நல்லது கெட்டதைச் சொல்லிவிட்டுப் போகுமாம். பருந்து இரண்டு பேரையும் சட்டை செய்யாமல் மீனைப் பார்த்துப் போய்விட்டது.

அதே வாரத்தில்தான் சொற்பொழிவு. தலைப்பு, 'தயாக் மக்களின் வாழ்வும் நம்பிக்கையும் தேவையும்'. சொற்பொழிவாளர், நம் ஸ்டோர்க்காரர். மொழிபெயர்க்க என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

"அந்தோ! பறவையைக் கண்டு கும்பிடும் பாமர மக்கள்!" என்று ஆரம்பித்தார். நான் அவர் கன்னத்தைப் பார்த்தேன். அதைத் தொடாதே, இதைத் தாண்டாதே என்று ஆயிரம் தடைகளுக்குள் அவர்கள் சிக்கிக் கிடப்பதைச் சொல்லிக் கண் கலங்கினார். பிறகு திரும்பி, "அன்பரே, உங்கள் தேவை என்ன?" என்று கேட்டார். நான் மலாயில் கேட்டேன்.

"கப்பல்" என்றார் அவர்.

"கப்பல் வேண்டுமாம்" என்று சபைக்குச் சொன்னேன்.

ஸ்டோர்க்காரர் ஒரு கணம் கண்ணை மூடினார். "கேட்டீர்களா! அறியாமை என்னும் கடலைக் கடக்கக் கல்வி என்னும் கப்பல் வேண்டும் என்கிறார்!" கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தயாக் மனிதரும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார். கப்பல் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார், பாவம். கூட்டத்தின் முடிவில் அவருக்கு ஒரு அரிச்சுவடியும் ஒரு ஜோடி காலுறையும் கொடுத்தார்கள். கட்டுப் போட்ட காலில் காலுறை ஏறவில்லை.

கப்பல் உண்மையிலேயே சில நாளில் வந்தது. ஒரு அமாவாசையன்று பகலில் என் வீட்டுக்காரர் ஜட்காவோடு வந்து நின்றார். சாயங்காலம் கப்பல் புறப்படுகிறது, சீக்கிரம் துறைமுகத்துக்குள் போய்விட வேண்டும், இதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. தயாக் மனிதருக்கு ஒரு துணிப்பைதான் சாமான். ஆனால் வாசகசாலைக்காரர்கள் மாலையோடு வந்துவிட்டார்களே! மாலை போட்டாயிற்று. ஸ்டோர்க்காரர் வாசற்படியில் நின்று வாழ்த்திப் பேசினார். பேச்சு நன்றாகவே முடிந்தது. முடிந்த பிறகு, உற்சாகத்தில், கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டி, "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாமே!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தயாக் மனிதர் ஜட்காவில் வைத்த காலை எடுத்தார். பையை இறக்கினார். நடைக்கு வந்து, ஸ்டோர்க்காரர் கதவுக்கு எதிரே சம்மணம் போட முடியாமல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா இது? சும்மா ஒரு பேச்சுக்குல்லா சொன்னேன்! கெளம்பச் சொல்லும்மா" என்றார் ஸ்டோர்க்காரர்.

சும்மா ஒரு பேச்சுக்கு. இதை மலாயில் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் போட்டுப் பார்த்தேன். கூப்பிட்டது நிஜம்தான், ஆனால் வரக் கூடாது என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "கடலில் போகிறவனிடம் அப்படி விளையாடுவார்களா?" என்று கேட்டார். அவர் கை முறிந்த காலைத் தடவிக்கொண்டிருந்தது. ஒரு காபியைத் தொடாததற்கே கால் போயிற்று. இனி நடுக்கடலில் என்ன போகும், பிள்ளையின் முகத்தைப் பார்ப்போமா என்ற பயம் அந்தக் கையில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

எதிர் அறைக்காரி ஒரு கிண்ணத்தில் பழைய சோற்றோடு ஓடி வந்தாள். அவர் கும்பிட்டுவிட்டு அதையும் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்ட வீட்டுச் சோறுதான் வேண்டும். ஜட்காக்காரன், "இன்னா சார், கேட்டு மூடிப்பூடுவான்" என்று கத்தினான்.

ஸ்டோர்க்காரர் வீட்டில் அன்று ஒரு பருக்கை கிடையாது. அமாவாசை, காக்கைக்கு வைத்து, ஒருவேளை சாப்பிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ராத்திரிக்குப் பழம்தான், அதையும் கடையிலிருந்து அவர் வரும்போது வாங்கி வர வேண்டும். அந்த வீட்டில் வாயில் வைக்கிற மாதிரி இருந்தது ஒன்றே ஒன்று, மாங்காய் ஊறுகாய் ஜாடி.

அந்த ஜாடியின் சட்டம் ஸ்டோருக்கே தெரியும். குளிக்காமல் தொடக் கூடாது, ஈரக்கை படக் கூடாது, வீட்டுக்கு விலக்கானவள் நிழல் விழக் கூடாது, அடுத்த வீட்டுக் கண் படக் கூடாது. பட்டால் பூஞ்சைக் காளான் பூத்துவிடும். பத்து வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறேன், அதன் மூடியைக்கூட நான் பார்த்ததில்லை.

"ஊறுகாயில போய் வேத்தாள் கை வைக்கப்படாதும்மா. கெட்டுப் போயிரும்லா" என்றார் ஸ்டோர்க்காரர்.

மாலை போட்ட கையோடு வாசகசாலை நிற்கிறது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஐயா, இது தயாக் மக்கள் நம்பிக்கையா, நம்ம நம்பிக்கையா? கூட்டத்துல சொன்னீங்களே, மறந்துட்டேன்" என்று உரக்கவே கேட்டேன். யாரோ இருமினார்கள். ஸ்டோர்க்காரர் விபூதியைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து ஸ்டோர்க்காரர் மனைவியின் குரல் வந்தது. "ஏன் இம்புட்டு அவசரமாப் போறான்? ஊர்ல என்ன?"

"பொண்டாட்டிக்கு மாசம் நெறைஞ்சிருக்கு. தலைப்பிள்ளை" என்றேன்.

பிறகு அந்த அம்மாள், என்னிடம் பேசுகிற மாதிரி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "என் தலைச்சன் பொறந்து, தங்காமப் போகையில, இவுக ரங்கூன்லல்லா இருந்தாக. கப்பல் கெடைக்கலன்னு சொன்னாக."

ஸ்டோர்க்காரர் வாசற்படியை விட்டு விலகி நின்றார்.

அந்த அம்மாள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு துண்டு எடுத்துத் தட்டில் போடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அவள் ஜாடியையே கொண்டுவந்து, மூடியைத் திறந்து, அவர் முன்னால் வைத்தாள். "தொடச் சொல்லு" என்றாள். அவர் விரலை விட்டுத் தொட்டு உதட்டில் வைத்தார். காரம் உச்சிக்கு ஏறிக் கண்ணில் நீர் கொட்டியது. அந்த நீரோடு அவளைக் கும்பிட்டார். பிறகு ஒற்றைக் காலில் தாவி ஜட்காவில் ஏறினார். என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். இருட்டின பிறகு அவர் திரும்பி வந்து, ஏற்றிவிட்டேன், கப்பல் போய்விட்டது என்றார்.

பிள்ளை பிறக்கும்முன் போய்ச் சேர்ந்தாரா, என்ன குழந்தை, ஒன்றும் எனக்குத் தெரியாது. போர்னியோ மரம் வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரரை விசாரிக்கச் சொல்வேன். யாருக்கும் தெரியவில்லை. அது எனக்கு இன்றும் ஒரு குறைதான்.

வாசகசாலையின் ஆண்டு அறிக்கையில், தயாக் ஒருவருக்குக் கல்வி வேட்கை ஊட்டப்பட்டதாக அச்சிட்டார்கள். ஸ்டோரில் எல்லோரும் ஊறுகாய் எப்போது கெடும் என்று காத்திருந்தார்கள். எதிர் அறைக்காரி தினமும், "யக்கா, பூத்துச்சா?" என்று என்னைக் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த வீட்டுக் கண் படக் கூடாதே.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் தெரிந்துகொண்டேன். நான் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தேன். அந்த அம்மாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"சாப்பிட வா" என்றாள்.

"ஆச்சும்மா, நீங்க சாப்பிடுங்க" என்று பத்து வருஷப் பழக்கத்தில் சொல்லிவிட்டு நடந்தேன். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தால் அவள் அங்கேயே நிற்கிறாள். உள்ளே இரண்டு இலை போட்டு, ஓரத்தில் ஊறுகாய் வைத்திருந்தது. பக்கத்தில் ஜாடி, மூடியில்லாமல்.

குடத்தை நடையிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனேன்.